என்றார் பிறரும்: ஆய்வுக்கட்டுரையின் உருவம் பற்றிச் சில குறிப்புகள்

ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்ப விரும்புகிறவர் முதலில் எதிர்கொள்வது அவ்விதழின் விதித்தாளை. பக்கங்கள் இத்தனைக்கு மிகலாகாது. தொடக்கத்தில் ஆய்வுச்சுருக்கம், அதன்கீழ் ஐந்து திறவுச்சொற்கள். எழுத்துரு இன்னது, அதன் அளவு இவ்வளவு, வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி. சான்றெண் விளக்கம் கட்டுரையின் முடிவில். துணைநூற்பட்டியல் அகர வரிசையில். வட்டாட்சியர் அலுவலகத்துப் படிவத்தை நிரப்புகிற மனநிலையோடுதான் பெரும்பாலோர் இவ்விதிகளை நிறைவேற்றுகிறார்கள். சிற்றிதழ் மரபில் வளர்ந்த இலக்கிய வாசகர்களுக்கோ இவற்றின்மீது ஏளனம் உண்டு. சிந்தனை இல்லாதவன் அடிக்குறிப்பு போடுகிறான் என்பது அவர்கள் கட்சி.

இரு சாராருமே ஒன்றை மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த உறுப்புகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஐயத்துக்கு விடையாகப் பிறந்தவை. அந்த ஐயங்களின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் எந்த விதி உயிருள்ளது, எது வெறும் சடங்கு என்று பிரித்துப் பார்க்க முடியும். தமிழாய்வுக்கு இன்று அது மிக வேண்டிய காரியம்.

கடிதமாக இருந்த காலம்

ஐரோப்பாவில் ஆய்விதழ் என்று சொல்லத்தக்கவை இரண்டு 1665ஆம் ஆண்டில் தோன்றின. சனவரியில் பாரிஸ் நகரில் தெனி த சாலோ தொடங்கிய 'ழூர்னால் தே சவான்' முதலாவது. மார்ச்சு மாதத்தில் இலண்டனில் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' இரண்டாவது. ஓல்டன்பர்க் தன் சொந்தப் பொறுப்பில்தான் அவ்விதழை நடத்தினார். ஐரோப்பா முழுவதிலுமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அயல்நாட்டாரோடு அவர் ஓயாது கடிதம் எழுதுவதைக் கண்டு ஐயுற்ற அரசு 1667இல் அவரைச் சிலகாலம் சிறையில் வைத்ததும் உண்டு. அந்தக் கடிதங்களைத் தொகுத்து அச்சிட்டதே அவ்விதழின் தொடக்கம்.

ஆகவே முதல் ஆய்வுக்கட்டுரைகள் கடிதங்களே. ஒளியும் நிறங்களும் பற்றி நியூட்டன் எழுதி 1672இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையும் ஓல்டன்பர்க்குக்கு எழுதிய கடிதந்தான். கண்ணாடிப் பட்டகம் ஒன்றை வாங்கியதையும் அறையை இருட்டாக்கிச் சோதித்ததையும் ஒரு கதைபோல் அதில் சொல்லிக்கொண்டு போகிறார். உட்தலைப்பும் இல்லை, துணைநூற்பட்டியலும் இல்லை.

ஆனால் கடிதத்தில் நாள் உண்டு. யார் எழுதினார், என்று எழுதினார், அது என்று வந்து சேர்ந்தது என்பவை பதிவாயின. ஒரு கண்டுபிடிப்புக்கு இருவர் உரிமை கோரினால் யார் முந்தியவர் என்று தீர்க்க அந்த நாள் உதவியது. இன்று ஆய்விதழ்களில் 'கட்டுரை பெறப்பட்ட நாள்' என்று ஒரு வரி அச்சாகிறதே, அந்த வரியின் வேர் இங்கே இருக்கிறது.

கட்டுரையை மற்றோர் அறிஞருக்கு அனுப்பி எழுத்தில் கருத்துப் பெறும் வழக்கம் ராயல் சொசைட்டியில் 1830களில்தான் வேரூன்றியது. 1832இல், அதுவரை வந்த கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும் தொகுத்துத் தனியே ஒரு வரிசையாக அச்சிடத் தொடங்கினார்கள். முழுக்கட்டுரையைப் படிக்க இயலாதவருக்காக வேறு ஒருவரால் ஆக்கப்பட்ட பொருள் அது. கட்டுரையாசிரியரே தன் கட்டுரையின் தலையில் சுருக்கத்தை எழுதிவைக்கும் வழக்கம் பிற்காலத்தது. தன் கட்டுரையை இன்னொருவன் கண்ணால் பார்த்து எழுதவேண்டிய பகுதி அது என்பதை இந்த வரலாறு நினைவூட்டுகிறது.

நாம் இன்று மாறாத சட்டமாக நினைக்கும் பலவும் அண்மைக்காலத்தவை. ஐன்ஸ்டைன் 1905இல் வெளியிட்ட சார்பியல் கட்டுரையில் முன்னோர் எழுதிய கட்டுரை எதையும் அவர் சான்றாகச் சுட்டவில்லை. முடிவில் மிகேல் பெஸ்ஸோ என்னும் நண்பருக்கு நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். அவரே 1936இல் ஈர்ப்பலைகள் பற்றிய கட்டுரை ஒன்றை அமெரிக்க இதழொன்றுக்கு அனுப்பினார். ஆசிரியர் அதை வேறோர் அறிஞரின் பார்வைக்கு அனுப்பியது தெரிந்ததும் வெகுண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் சுட்டிய பிழை உண்மையான பிழை. மறு ஆண்டு வேறோர் இதழில் வெளிவந்தபோது கட்டுரையின் முடிவு மாறியிருந்தது. 'நேச்சர்' போன்ற இதழே எல்லாக் கட்டுரைகளையும் முறைப்படி மதிப்பீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது 1973இல்தான்.

அடிக்குறிப்பும் அவநம்பிக்கையும்

அடிக்குறிப்பின் பிறப்பிடம் வரலாற்று நூல்கள். பியேர் பேல் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட வரலாற்று அகராதியில் மேலே சில வரிகள் மூலமாக ஓட, பக்கத்தின் பெரும்பகுதியைக் குறிப்புகளே பிடித்துக்கொண்டிருக்கும். கேள்விப்பட்டவற்றையெல்லாம் வரலாறு என்று எழுதிவந்த காலத்தில், ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது, அது நம்பத்தக்கதா என்று கேட்டவர் அவர்.

எட்வர்டு கிப்பனின் உரோமப் பேரரசு வரலாற்றின் முதல் தொகுதி 1776இல் வெளியானபோது குறிப்புகள் நூலின் கடைசியில் இருந்தன. ஒவ்வொரு முறையும் பின்பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது என்று டேவிட் ஹியூம் பதிப்பாளருக்கு எழுதினார். பின்னர் குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு வந்தன. இரண்டாண்டுகள் கழித்து ஹென்றி டேவிஸ் என்னும் இளைஞர், கிப்பன் சான்றுகளைத் திரித்திருக்கிறார், பிறர் நூல்களிலிருந்து எடுத்தாண்டிருக்கிறார் என்று நீண்டதொரு மறுப்பு நூல் எழுதினார். கிப்பன் 1779இல் விடை எழுதினார். அவருடைய விடையின் பெரும்பகுதி பக்க எண்களைப் பற்றியது. நான் சுட்டிய இடத்தைத் திறந்து பாருங்கள் என்பதே அவருடைய வாதம்.

எனக்கு இந்தச் சண்டை மிகவும் பிடிக்கும். அடிக்குறிப்பு படிப்பின் பெருமையைக் காட்டுவதற்காக வைப்பது என்று நாம் நினைக்கிறோம். டேவிசுக்கும் கிப்பனுக்கும் அது ஒரு கதவு. எழுதியவன் எதிரி என்றாலும் அவன் வீட்டுக்குள் புகுந்து சோதிக்க வாசகனுக்கு உரிமை தருவது. எவருடைய சொல்லையும் அவர் சொன்னார் என்பதற்காக ஏற்காதே என்பது ராயல் சொசைட்டியின் குறிக்கோள். அந்தக் குறிக்கோளை ஒரு பக்கத்தின் அமைப்பாக மாற்றினால் கிடைப்பது அடிக்குறிப்பு.

ஏழு பக்கம்

அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் தருகிற முறையை இலக்கியக்காரர் எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் எட்வர்டு மார்க், ஒருவகை நத்தையினத்தின் முட்டை வளர்ச்சி பற்றி 1881இல் எழுதிய நீண்ட கட்டுரையில் அதைக் கையாண்டார். அறிவியலில் ஆண்டு முக்கியம். 1879இல் சொன்னது 1881இல் பொய்த்துப் போகலாம். எனவே பெயரை அடுத்து ஆண்டு கண்ணில் பட வேண்டியிருந்தது.

பிறகு வந்தவை கையேடுகள். சிகாகோ பல்கலைக்கழக அச்சகம், அச்சுக்கோப்போரும் மெய்ப்புத் திருத்துவோரும் தமக்குள் வைத்திருந்த குறிப்புத்தாளை வளர்த்து 1906இல் நூலாக்கியது. அமெரிக்க உளவியலார் தம் விதிகளை 1929இல் ஓர் இதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள்; அதன் நீளம் ஏழே பக்கம். மொழி, இலக்கிய ஆய்வாளர்களுக்கான எம்.எல்.ஏ. விதித்தாள் 1951இல் வந்தது. மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடித் தமக்கென ஒரு பொதுவிதி வகுத்தார்கள். அந்த ஏழு பக்கம் இன்று பலநூறு பக்கப் பெருநூலாகிவிட்டது.

கட்டுரைக்குள் முன்னுரை, ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு அறைகள் கட்டும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே மருத்துவ இதழ்களில் உறுதிப்பட்டது. நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவர் 1963இல் பி.பி.சி. வானொலியில் பேசும்போது, அறிவியல் கட்டுரை ஒரு மோசடியோ என்று கேட்டார். செய்திகளில் மோசடி இருப்பதாக அவர் சொல்லவில்லை. விஞ்ஞானி உண்மையில் எப்படிச் சிந்தித்தார் என்பதைக் கட்டுரையின் வடிவம் மறைத்துவிடுகிறது. முதலில் வந்த ஊகத்தைக் கடைசியில் விளைந்ததுபோல் காட்டுகிறது என்பது அவருடைய குறை.

இந்த நான்கு அறைகளைத் தமிழ் இலக்கிய ஆய்வு இரவல் வாங்கியபோது நேர்ந்த வேடிக்கையைக் கல்லூரியில் இருப்பவர்கள் அறிவார்கள். குறுந்தொகையில் பறவைகள் என்பது தலைப்பு. 'குறுந்தொகையில் பறவைகளைப் பற்றிய செய்திகள் உள்ளன என்பது இவ்வாய்வின் கருதுகோள்' என்று ஒரு பத்தி. கடைசியில், அக்கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது என்று இன்னொரு பத்தி. சோதனைச்சாலையில் பொருள் தந்த சொல் இங்கே வெறும் ஓசையாகிவிட்டது.

பாயிரம் கேட்ட கேள்விகள்

இவையெல்லாம் நமக்கு முற்றிலும் அயலா? நன்னூலின் பாயிரப் பகுதியைத் திறந்தால், ஒரு நூலின் முகப்பில் சொல்லப்பட வேண்டியவை என்று பவணந்தி எட்டினை எண்ணுகிறார்: நூல் செய்தவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. இன்றைய ஆய்வுச்சுருக்கத்தில் கேட்கப்படுவதில் பாதிக்குமேல் இதில் அடங்கிவிடுகிறது. நூல் வந்த வழி எது என்று கேட்பது, முன்னாய்வுகள் எவை என்று கேட்பதற்குப் பக்கத்தில் நிற்கும் கேள்வி.

பாயிரத்தை யார் எழுதலாம் என்பதற்கும் விதி உண்டு. ஆசிரியர், உடன் பயின்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோரே அதற்கு உரியர். தன்னைத் தானே புகழ்தல் தகாது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் உடன் பயின்றவர் என்பது மரபு. அந்தப் பாயிரமே, அதங்கோட்டாசான் கேட்க நூல் அரங்கேறியதையும் சொல்கிறது. அறிந்தவர் அவையில் குற்றம் களைந்த பிறகே நூல் வெளிப்படும் என்பது அதன் உட்பொருள்.

எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒற்றுமையைவிட வேற்றுமையே முக்கியமானது. அரங்கேற்றத்தில் ஆசானும் நூலாசிரியரும் ஒரே அவையில் இருக்கிறார்கள்; ஐயம் எழுந்தால் நேரே கேட்கலாம். அச்சு வந்தபின் வாசகன் எங்கோ இருக்கிறான். எழுதியவர் அவனுக்கு முகம் தெரியாதவர். அவையில் நேரே கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கெல்லாம் பக்கத்தின் அடியிலேயே விடை இருந்தாக வேண்டும்.

நம் உரையாசிரியர்கள் அவை மரபில் எழுதினார்கள். நச்சினார்க்கினியர் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறி, வேறொரு நூலின் அடியை மேற்கோளாகத் தந்து, 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுவார். அந்தப் பிறர் யார் என்று சொல்வதில்லை. அவர் காலத்து மாணவனுக்கு அது தேவையுமில்லை. அந்த நூல்கள் அவனுக்கு மனப்பாடம். சில நூற்றாண்டுகளில் அந்த நூல்கள் பயிற்சியிலிருந்து மறைந்தன. 1880களில் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்த உ.வே. சாமிநாதையருக்கு அந்த இரண்டு சொற்கள் எவ்வளவு துன்பம் தந்தன என்பதை 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் புரட்டி, மேற்கோளாக வந்த அடிகளை இன்ன நூலுக்கு உரியவை என்று அவர் ஒவ்வொன்றாகக் கண்டறிய வேண்டியிருந்தது. அந்தத் தேடலே அவரைப் பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் இட்டுச் சென்றது.

சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும் புறநானூறு 1894இலும் தொடர்ந்தன. ஏட்டுப் பிரதி தந்தவர்களின் பெயர்களும், பாடவேறுபாடுகளும், மேற்கோள்களுக்கு இடம் சுட்டும் குறிப்புகளும் அவர் பதிப்புகளில் வரவரப் பெருகின. ஐரோப்பியக் கையேடு எதையும் பின்பற்றி அவர் இதைச் செய்யவில்லை. தனக்கு நேர்ந்த இடர்ப்பாடு பின்வருகிறவனுக்கு நேரக்கூடாது என்ற கருணையிலிருந்து பிறந்த ஒழுங்கு அது. அடிக்குறிப்பின் தமிழ் வரலாற்றை இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் 1902இல் தொடங்கியபோது, அவ்வகை எழுத்துக்கு மாதந்தோறும் ஓர் அரங்கு கிடைத்தது.

கபிலர் எழுதிய ஆண்டு

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். நத்தை ஆய்வுக்காகப் பிறந்த ஆசிரியர்-ஆண்டு முறையை அப்படியே சங்கப் பாடலுக்குப் பொருத்தினால் 'கபிலர் 2004' என்று வரும். மறுபதிப்பு வந்த ஆண்டு புலவரின் ஆண்டாகிவிடும். பக்க எண்ணாலும் பயனில்லை. பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். நூற்பெயரும் பாட்டெண்ணும் அடியெண்ணும் தந்து, எவருடைய பதிப்பு என்று ஒருமுறை சொன்னால் எந்த ஊர் நூலகத்திலிருந்தும் ஒருவர் சரிபார்த்துவிடலாம்.

அதிலும் கவனம் வேண்டும். தொல்காப்பிய நூற்பாக்களை இளம்பூரணர் பிரித்ததும் நச்சினார்க்கினியர் பிரித்ததும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆகவே உரையாசிரியர் பெயரின்றி நூற்பா எண் தருவது கதவிலக்கம் எழுதித் தெருப்பெயரை விட்டுவிடுவது போன்றது. திருக்குறளிலும் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மணக்குடவரிடம் வேறு, பரிமேலழகரிடம் வேறு. நாம் வழங்கும் குறளெண் பரிமேலழகர் வரிசையைத் தழுவியது. மணக்குடவர் உரையை ஆராய்கிற கட்டுரையில் இதைச் சொல்லாமல் எண் மட்டும் தந்தால் வாசகன் வேறு குறளில் போய் நிற்பான்.

பழைய அச்சுநூல்களின் ஆண்டு இன்னொரு கண்ணி. முகப்பில் 'துன்முகி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1896ஆகவும் இருக்கலாம், 1956ஆகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியில் எந்தச் சுற்று என்பதை அச்சகத்தின் பெயரும் தாளும் எழுத்துமே சொல்லும். 'மு.ப.' என்று பட்டியலில் இரண்டெழுத்துப் போடுவதற்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

பெயர் பெரிய சிக்கல். மேலைக் கையேடுகள் குடும்பப்பெயரை முன்னே கேட்கின்றன. சாமிநாதையரின் பெயருக்கு முன்னுள்ள எழுத்துகள் உத்தமதானபுரம் என்ற ஊரும் வேங்கடசுப்பையர் என்ற தந்தையும். இவற்றில் குடும்பப்பெயர் எது? நம் அகரவரிசை இட்ட பெயரால் அமைவது. தலைப்பெழுத்து அதன்பின் வரும். இதை அறியாத படிவங்களில் மாணவர்கள் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் நிரப்புகிறார்கள். பின்னர் அவர்களுடைய ஆய்வெல்லாம் தந்தையர் பெயரில் வரிசைப்படுகிறது. ஒரே ஆய்வாளர் இரண்டு இதழ்களில் இரண்டு பேராகிவிடுவதும் உண்டு.

'மேலது', 'முன்னது' என்று நாம் எழுதிவந்த சொற்களையும் குறிப்பிட வேண்டும். கையெழுத்துப் படியில் எழுத்து மிச்சம் பிடித்த அச்சொற்கள் கணினியில் ஆபத்தானவை. இடையில் ஒரு குறிப்பைச் செருகினால் 'மேலது' வேறொரு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். எழுத்துருவும் அப்படியே. தனித்தனிக் குறியேற்றங்களில் தட்டச்சிட்ட பழைய கட்டுரைகளைத் தேடுபொறி படிப்பதில்லை. ஒருங்குறியைத் தமிழ்நாட்டரசு 2010இல் தரப்பாட்டுக்குரியதாக ஏற்றது. அதற்குப் பின்னும் பழைய எழுத்துருவைக் கேட்கிற இதழ், தன் கட்டுரைகளைத் தானே பூட்டிவைக்கிறது.

எண்ணிக்கைக் காலம்

இந்த வினாக்களைப் பேசியிருக்க வேண்டிய பதினைந்து ஆண்டுகளில் கல்லூரிகள் பேசியது மதிப்பெண்களைப் பற்றி. பல்கலைக்கழக மானியக்குழு 2010இல் வகுத்த விதிகள் கட்டுரைகளுக்குப் புள்ளி கொடுத்துப் பதவி உயர்வோடு இணைத்தன. புள்ளி வந்ததும் அதை விற்கும் இதழ்களும் வந்தன. மானியக்குழு 2017இல் ஏற்புடைய இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. மறு ஆண்டே 4,305 இதழ்களை அதிலிருந்து நீக்கியது. பின்னர் 'கேர்' என்ற பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழ்களின் தரத்தை நிறுவனங்களே எடைபோட்டுக்கொள்ள விடப்பட்டது.

பணம் பெற்று இரண்டே நாளில் கட்டுரையை ஏற்கிற இதழ்கள் வடிவத்தில் குறை வைப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். சுருக்கம் இருக்கும், திறவுச்சொற்கள் இருக்கும், இதழுக்குரிய பன்னாட்டு எண்ணும் இருக்கும். சான்றெண் சுட்டும் பக்கத்தைத் திறந்தால் அந்த மேற்கோள் மட்டும் அங்கே இருக்காது. 'சார், எத்தனை அடிக்குறிப்பு இருக்க வேண்டும்?' என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அடிக்குறிப்பு யாருக்காக என்று நாம் சொல்லித் தந்ததில்லை. நான் இப்போதெல்லாம் ஒரு பயிற்சி தருகிறேன்: ஒருவர் கட்டுரையிலிருந்து ஐந்து சான்றுகளை இன்னொருவர் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போக வேண்டும். ஐந்தையும் கண்டு திரும்பினால் கட்டுரையின் உருவம் சரி. அதற்குமேல் எழுத்தளவு பதினொன்றா பன்னிரண்டா என்பதை அச்சுக்கோப்பவர் பார்த்துக்கொள்வார்.

தமிழாய்வுக்கு நாமே வகுத்த பொதுவிதித்தாள் ஒன்று வேண்டும். பாட்டெண் தருவது எப்படி, நூற்பா எண்ணோடு உரையாசிரியரைச் சுட்டுவது எப்படி, அறுபதாண்டுப் பெயரை ஆண்டாக மாற்றும்போது எதைக் குறிப்பது, ஏட்டுச்சுவடிக்கும் கல்வெட்டுக்கும் இடம் சுட்டுவது எப்படி, தலைப்பெழுத்து எங்கே நிற்கும், பாடவேறுபாட்டை எப்போது சொல்லியாக வேண்டும். இவ்வளவுதான். இதழாசிரியர்கள் நான்கைந்து பேர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் எழுதிவிடலாம். உளவியலாருக்கு 1929இல் ஏழு பக்கம் போதுமாயிருந்தது. நமக்கும் அதற்குமேல் ஆகாது.